பிரசங்க மேடையோரத்து ஸ்டூல்

இராஜபாளையத்து மில்களில் நூல் நூற்கும் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்த்த பெண்களைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். எதிரே நிற்பவர் பேசத் தொடங்கினால் அவர்கள் முதலில் உதட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் கையைப் பார்ப்பார்கள், கண்ணைப் பார்ப்பது கடைசியில்தான். நூல் சுற்றும் ஆயிரக்கணக்கான ஸ்பிண்டில்கள் ஒரே நேரத்தில் சுற்றும் கூடத்துக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காது. அங்கே பேச்செல்லாம் கையால்தான். மணிக்கட்டைத் தொட்டால் மணி என்ன என்று அர்த்தம். கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் டீ. மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையை முறுக்க வேண்டும், அவருக்கு மீசை இல்லாவிட்டாலும். இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டினால் நூல் அறுந்துவிட்டது. உள்ளங்கையை விரித்து முன்னால் ஒரு தள்ளுத் தள்ளினால் மெஷினை நிறுத்து.

தங்கபாய் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு மில்லில் இருபத்தாறு வருஷம் அந்தக் கூடத்துக்குள் நடந்தவள். ஒரு ஷிப்ட்டுக்குப் பத்து மைல் நடை என்பார்கள். முழங்கால் தேய்ந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, தளவாய்புரத்திலிருந்து வெட்டின நைட்டித் துணிகளை வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் மில்லுக்குள் கையால் பேசி முடித்துவிட்டாள் என்று அவள் புருஷன் மாரீஸ்வரன் சொல்வான்.

அவளுக்குக் கைப்பேச்சைக் கற்றுக் கொடுத்தவள் வேலுத்தாய். பிறவியிலேயே காது கேளாதவள். மில்லுக்கு வெளியே அவளை 'ஊமைச்சி' என்று கூப்பிட்டவர்களெல்லாம் மில்லுக்குள் வந்தால் அவளிடம் மாணவர்கள். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குச் செய்தி போக வேண்டுமென்றால் மேஸ்திரியே வேலுத்தாயைத்தான் தேடுவார். அவள் விரல்கள் அவ்வளவு தெளிவு.

வேலுத்தாயின் புருஷன் இறந்து ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கபாயின் பின்னாலேயே கிறிஸ்தவ சபைக்கு வந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய கதை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தங்கபாயின் முழங்கையை இடித்து, கையை விரித்துக் கேட்டாள்: அந்த ஆள் என்ன பேசுகிறார்?

தங்கபாய் சொல்லத் தொடங்கினாள். மில்லில் 'கிருபை'க்கு விரல் அடையாளம் இல்லை. 'பாவம்' என்பதற்கும் இல்லை. அவளே உண்டாக்கிக்கொண்டாள். நூலில் திரண்டு நிற்கும் முடிச்சைப் பாவம் என்றாள். அந்த முடிச்சை நறுக்கிவிட்டு இரண்டு முனையையும் சேர்த்து முறுக்குவதை மன்னிப்பு என்றாள். பரிசுத்த ஆவிக்கு நெடுநாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மில் கூடத்தில் நூல் காய்ந்து அறுந்துவிடக் கூடாதென்று மேலே இருக்கும் குழாய்கள் வழியாகப் புகைபோல ஈரம் இறங்கும். ஒரு நாள் இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை மெல்ல அசைத்து, அந்த ஈரத்தை இறக்கிக் காட்டினாள். வேலுத்தாய் அண்ணாந்து பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. 'சபை' என்பதற்குப் பத்து விரல்களையும் நிமிர்த்திப் பிடித்து ஒன்றாகச் சுழற்றினாள். ஒரே மெஷினில் பத்து ஸ்பிண்டில்.

வேலுத்தாய் வந்ததைக் கேள்விப்பட்டு மற்றவர்கள் வந்தார்கள். மில்லில் ஃபிட்டர் வேலை பார்க்கும் விமல். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஜாஸ்மின். அவள் காது கேளாதோர் பள்ளியில் பன்னிரண்டாவது வரை படித்த பெண். இன்னும் மூன்று பேர். மொத்தம் ஆறு. முன்வரிசையில் இடது பக்கத்து பெஞ்சு அவர்களுடையது ஆயிற்று. பிரசங்க மேடையோரம் தங்கபாய் நின்றாள். முழங்கால் வலி வந்த பிறகு வீட்டிலிருந்து ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மாரீஸ்வரன் சபைக்கு வருகிறவன் இல்லை. லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் வடம் பிடிக்கிறவன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தவறாமல் அவளைச் சபை வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவான்.

"ஏட்டி, உங்க சபை ஐயரு ஒரு மணி நேரம் வாயால பேசுதாரு, நீ ஒரு மணி நேரம் கையால பேசுத. ரெண்டு பேருல யாருக்குக் கை தட்டுவாவ?"

"வண்டிய எடும். நேரமாச்சு."

"எனக்குத் தெரியும். உனக்குக் கை தட்ட மாட்டாவ."

அதை வேடிக்கையாகத்தான் சொன்னான்.

புதுப் போதகர் கௌதம்ராஜ் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முப்பத்து நான்கு வயது. நல்லவர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தங்கபாயும் அப்படித்தான் நினைத்தாள். வந்த ஆறாம் மாதம் ஆராதனையை செல்போனிலும் பார்க்கும்படி கேமரா வைத்தார். பிறகு சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்து, கையில் ஒரு கட்டுத் தாளோடு மேடை ஏறினார். ஒவ்வொரு விசுவாசிக்கும் ஆவியானவர் ஒரு வரம் கொடுத்திருக்கிறார், போதிக்கிற வரம், ஆளுகிற வரம், குணமாக்குகிற வரம், உபகாரம் செய்கிற வரம், எது யாருக்கென்று தெரியாததால்தான் சபை நொண்டுகிறது என்றார். தாளில் அறுபது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று வரை மதிப்பெண். கூட்டிப் பார்த்தால் உங்கள் வரம் என்னவென்று தெரிந்துவிடும். அந்த மாதக் கடைசி ஞாயிறு 'வரங்களின் ஞாயிறு'. சபையையே ஒரு மனித சரீரமாக வரைந்து பெரிய ஃப்ளெக்ஸ் அடிக்கப்போகிறோம். அதில் கண்ணில், கையில், காலில் என்று அவரவர் வரத்துக்கு ஏற்ற உறுப்பில் எல்லோர் பெயரும் இருக்கும். யாரும் விடுபடக் கூடாது.

இதையெல்லாம் தங்கபாய் கையால் சொன்னாள். யாரும் விடுபடக் கூடாது என்பதையும் சொன்னாள். ஆறு பேரும் முன்னால் சாய்ந்து பார்த்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் ஜாஸ்மின் அவள் சேலையைப் பிடித்துக் கேட்டாள்: எங்களுக்கும் தாள் உண்டா?

தங்கபாய் போதகரிடம் போனாள்.

"ஐயா, ஆறு தாளு வேணும். நம்ம முன் பெஞ்சு பிள்ளையளுக்கு."

போதகர் கட்டிலிருந்து எண்ணி எடுக்கப் போனார். பக்கத்தில் நின்ற செயலாளர் தனசிங் குறுக்கே வந்தார். பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருப்பவர். சபைக் கட்டடத்துக்கு அவர் குடும்பம் செய்தது கொஞ்சமில்லை.

"தங்கபாயி, அறுபது கேள்வியையும் நீ கையால கேட்டு, அவிய கையால சொல்லி, நீ எழுதி... அதுக்குள்ள அடுத்த வருச வரங்களின் ஞாயிறே வந்துரும். பொறவு பாத்துக்கிடலாம்."

"நான் எழுதிக்கிடுதேன் அண்ணாச்சி. ரெண்டு நாளு போதும்."

"பொறவுன்னு சொன்னேம்லா."

போதகர் தாளைக் கட்டிலேயே திரும்பச் செருகினார். "பார்ப்போம், அம்மா" என்றார்.

அவள் தன்னுடைய தாளை மட்டும் எழுதினாள். கூட்டிப் பார்த்ததில் 'உபகாரம்' என்று வந்தது. பெஞ்சு துடைப்பவர்களுக்கும் செருப்பை அடுக்கி வைப்பவர்களுக்கும் அதேதான் வந்திருந்தது. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஆறு பெயரும் படத்தில் வர வேண்டும்.

வருமென்றுதான் நம்பினாள். அந்த ஆறு பேரையும் அறியாத வீடு சபையில் இல்லை. யாராவது நோயில் விழுந்து வாய் திறக்க விருப்பமில்லாமல் கிடந்தால் வேலுத்தாய்தான் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். அவளிடம் பதில் பேச வேண்டியதில்லை என்பதாலேயே நோயாளிகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவார்கள். விமல் ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவான். போன ஈஸ்டர் அதிகாலையில் கரண்டும் போய் சபை ஜெனரேட்டரும் நின்றுபோனபோது, அவனைத்தான் சைக்கிளோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்தவுடன் சபைக்கூட்டம் நடந்தது. வரங்களின் ஞாயிறு பற்றிப் பேச்சு. ஆறு பேரும் எழுந்து போகவில்லை. அவர்கள் எப்போதும் சபைக்கூட்டத்துக்கு இருப்பவர்கள்தான். தங்கபாயும் ஸ்டூலிலேயே இருந்தாள். அவள் கைகள் பிரசங்கத்திலிருந்து இறங்காமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. பந்தல், சாப்பாடு, ஃப்ளெக்ஸ் கடை.

பாடகர் குழுத் தலைவி ஜெயசித்ரா எழுந்தாள். தனசிங்கின் மனைவி.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா லைவ்ல பாக்குறவிய என்கிட்ட கேக்காவ. ஐயருக்குப் பக்கத்துல ஒரு அம்மா கைய ஆட்டிக்கிட்டே இருக்காவளே, ஈ தொரத்துதாவளான்னு."

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

தனசிங் சமாதானமாகச் சொன்னார். "பாவம், அவிய வரக்கூடாதுன்னா சொல்லுதோம்? ஸ்ரீவில்லிபுத்தூர்ல நம்ம ஜெபக்கூடம் சும்மாதான கெடக்கு. மாசத்துல ஒரு சனிக்கிழமை அவியளுக்குன்னு தனியா வச்சிருவோம். தங்கபாயி போயி நடத்தட்டும். இங்க முன் பெஞ்சு பாடகர் குழுவுக்கு ஆச்சு."

"அப்ப அவிய பேரு படத்துல வரணுமா, வேண்டாமா அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"எதுல போட? வரம்னா சபைக்குக் குடுக்கிறது. இவிய வாங்குற ஆளுவல்லா." தனசிங் கொஞ்சம் யோசித்தார். "வேணும்னா வயித்துல போடுங்க. அதுதான் எம்புட்டுப் போட்டாலும் வாங்கிக்கிட்டே இருக்கும்."

இப்போது சபை முழுவதும் சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை, ஆனால் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

தங்கபாய்க்கு அப்போதுதான் தன் கைகள் நிற்கவில்லை என்பது தெரிந்தது. ஈ. ஸ்ரீவில்லிபுத்தூர். மாதம் ஒரு சனிக்கிழமை. வாங்குகிற ஆட்கள். வயிறு. எல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியாக 'வயிறு' என்று தொட்ட கை இன்னும் வயிற்றிலேயே இருந்தது.

முன் பெஞ்சில் விமல் எழுந்தான். அவன் கைகள் வேகமாக வந்தன. அவன் சொல்வதை வாயால் சொல்ல வேண்டியது அவள் வேலை. பதினெட்டு வருஷத்தில் அந்தச் சபைக் கூடத்துக்குள் அவள் சத்தம் போட்டுப் பேசியதில்லை.

"விமல் கேக்கான்," என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "போன ஈஸ்டருக்கு ஜெனரேட்டர் ஓடலைன்னு என்னையக் கூட்டிட்டு வந்தியளே. அன்னைக்கு நான் கையா, வயிறா? அப்படிக் கேக்கான்."

விமல் ஒரு முழு நிமிஷம் நின்றான். மேடையில் தெரிந்த ஒவ்வொரு உதட்டையும் பார்த்தான். ஒன்றும் அசையவில்லை. சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தான். மற்ற நால்வரும் அவன் பின்னால் போனார்கள். வேலுத்தாய் மட்டும் ஸ்டூல் அருகில் வந்து, தங்கபாயின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். அது கோபமில்லை. எதையோ கணக்குப் போடுகிற பார்வை.

"அம்மா, இதை ஏன் அவங்களுக்குச் சொன்னீங்க?" என்றார் போதகர்.

"அவிய உக்காந்திருந்தாவல்லா ஐயா."

"இது பிரசங்கம் இல்லையே. நிர்வாகம். எதைச் சொல்லணும், எதை விடணும்ங்கிற பகுத்தறிவு ஒரு வரம், அம்மா. அது இல்லாம மத்த வரத்தால நன்மையைவிடத் தீமைதான் அதிகம்."

"பேசுனது நீங்க. நான் சொன்னேன், அம்புட்டுத்தான்."

தனசிங் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "ஒரே சரீரமா இருந்த சபைய ரெண்டு கையால பிச்சுப் போட்டுட்டியே தங்கபாயி."

சிரித்தவர்களெல்லாம் இப்போது அவளையே பார்த்தார்கள். ஏதோ அவள்தான் வயிறு என்று சொன்னாற்போல.

அடுத்த ஞாயிறு இடது பெஞ்சு காலி. அதற்கடுத்த ஞாயிறு தங்கபாயும் சபைக்குப் போகவில்லை. ஜாஸ்மின் வீட்டில் எல்லோரும் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மாரீஸ்வரனைப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொன்னாள்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடப் போற?"

"வாங்கன்னு."

"வாரோம்னுட்டா? எங்க உக்கார வைப்ப? பெஞ்சுல பாட்டுக்காரவிய உக்காரப் போறாவளாம்லா."

அவள் பஸ் ஏறினாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை மனதில் ஒரே ஒரு விஷயம் ஓடியது. வேலுத்தாய் நோயாளிகளின் வீட்டில் போய் உட்காருவதை அன்று ஏன் சொல்லவில்லை? விமல் தனக்காகக் கேட்டான். அவள் கேட்டிருக்க வேண்டியது மற்ற ஐந்து பேருக்காக. அடுத்தவர் பேச்சைச் சொல்லிச் சொல்லி, தனக்கென்று ஒரு பேச்சு வாயில் வராமலே போய்விட்டது.

மடவார் வளாகத்தில் வைத்தியநாதர் கோவிலைத் தாண்டி இரண்டாவது சந்து. ஜாஸ்மினின் அம்மா வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "உள்ள போங்க. காலைலருந்து ஒரே கூத்துதான். சத்தமே இல்லாத கூத்து" என்றாள்.

உள்ளே ஆறு பேரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு செல்போன் சொம்பின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் எந்த ஊர்க்காரரோ ஒரு காது கேளாத போதகர் கையால் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஜாஸ்மின் பள்ளியில் படித்த கைமொழி அது. தங்கபாய்க்கு நாலில் ஒன்றுதான் புரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் தலையசைத்தார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று தெரியாமல் அவள் வாசல்படியில் நின்றாள். யாராவது திரும்பி எனக்குச் சொல்லமாட்டார்களா என்று தோன்றியது. தோன்றிய மறுகணம் உடம்பு கூசியது.

சற்று நேரம் கழித்துத்தான் அவளைப் பார்த்தார்கள். இடம் விட்டு உட்கார வைத்தார்கள். அவள் கையைத் தூக்கினாள்: திரும்பி வாருங்கள்.

வேலுத்தாய் அவளுக்கு நேரே நகர்ந்து உட்கார்ந்தாள். மில்லில் பேசுவதுபோல, ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

இதற்கு முன்னாலும் இப்படிப் பேசினார்களா?

தங்கபாய் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வாயால் பொய் சொல்லலாம். கையால் பொய் சொல்ல முகமும் கூட வர வேண்டும். அன்று வேலுத்தாயின் முன்னால் அவள் முகம் வர மறுத்தது.

பேசினார்கள், என்றாள்.

எத்தனை முறை?

எண்ணவில்லை.

நீ சொல்லவில்லை.

சொல்லவில்லை.

முந்தைய போதகர் ஒருமுறை, தேவ சத்தத்துக்கு மனதை அடைத்துக்கொண்டவனைச் செவிட்டு மாடு என்று மேடையிலிருந்து சொன்னார். அவள் அதைத் தூங்குகிற மாடு என்று மாற்றினாள். சபை விருந்தான அசனப் பந்தியில் இந்த ஆறு பேரையும் கடைசிப் பந்திக்குத் தள்ளியபோது, உங்களுக்குத்தான் சூடாகக் கிடைக்கும் என்றாள். வேலுத்தாயின் புருஷனை அடக்கம் செய்த அன்று துக்கம் கேட்க வந்து பக்கத்தில் நின்ற சபைக்காரி ஒருத்தி, ஊமைச்சிக்கு அழக்கூடத் தெரியல பாரு என்றாள். வேலுத்தாய் திரும்பி, அவள் என்ன சொன்னாள் என்று கேட்டாள். உனக்காக வருத்தப்படுகிறாள் என்று தங்கபாய் சொன்னாள். அந்த வருத்தத்தை நம்பித்தான் வேலுத்தாய் அடுத்த மாதம் சபைக்கு வந்தாள்.

அடக்கத்தன்று நடந்ததை மட்டும் சொல்லக் கூடாது என்று நினைத்தாள். அதைத்தான் முதலில் சொன்னாள்.

வேலுத்தாய் தன் காதைத் தொட்டாள், தங்கபாயைக் காட்டினாள்.

என் காது உன்னிடம் இருந்தது. அதில் பாதியை நீ அடைத்து வைத்திருந்தாய்.

நீ நோகக் கூடாது என்று, என்றாள் தங்கபாய்.

நொந்தால் நான் பார்த்துக்கொள்வேன். அது என் காது.

ஜாஸ்மினின் அம்மா டீ கொண்டுவந்தாள். எல்லோரும் குடித்தார்கள். தங்கபாய் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது ஜாஸ்மின் மட்டும் பஸ் ஸ்டாப் வரை வந்தாள். பஸ் வந்ததும், 'வரம்' என்பதற்குத் தங்கபாய் உண்டாக்கிய விரலைக் காட்டி, கேள்வியாகப் புருவத்தை உயர்த்தினாள். அங்கே படத்தில் எங்கள் பெயர் வருமா?

தெரியாது, என்றாள் தங்கபாய். இம்முறை ஒன்றையும் மாற்றவில்லை.

வரங்களின் ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்பு போதகர் கௌதம்ராஜ் அவள் வீட்டுக்கே வந்தார். நைட்டித் துணிக் குவியலை ஒதுக்கி அவள் நாற்காலி போட்டாள். அவர் உண்மையாகவே தூங்காதவர்போல இருந்தார்.

"நான் அன்னைக்குக் கண்டிச்சிருக்கணும். விட்டுட்டேன்" என்றார். "ஆறு பேர் பெயரையும் சேர்த்துட்டேன், அம்மா. செயலாளர்கிட்ட சண்டை போட்டுத்தான் சேர்த்தேன். அவங்களைக் கூட்டிட்டு வாங்க. நீங்களும் மேடையில நில்லுங்க, ஸ்டூல்ல இல்லை, என் பக்கத்துல. ஐக்கியம்னா என்னன்னு எல்லாரும் பார்க்கட்டும்."

அவர் போனதும் தங்கபாய் செல்போனை எடுத்து, தானே கையால் பேசிப் படம் பிடித்து ஆறு பேருக்கும் அனுப்பினாள். உங்கள் பெயர் இருக்கிறது. வாருங்கள். ஆறு செய்தியிலும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. ஒரு பதிலும் வரவில்லை.

ஞாயிறு காலை அவள் சீக்கிரமே போய்விட்டாள். மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பதினைந்தடி உயரத்துக்கு ஒரு மனித உருவம், வெள்ளை அங்கி போட்டு. தலையில் போதகரும் மூப்பர்களும். வலது கையில் தனசிங். வாயில் ஜெயசித்ராவும் பாடகர் குழுவும். பாதத்தில் சின்ன எழுத்தில் உபகாரக்காரர்கள்; அதில் தன் பெயரைப் பார்த்தாள். ஆறு பெயரைத் தேடினாள். நெஞ்சில் இல்லை, தோளில் இல்லை. மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது, ஒரே இடம்தான் காலியாக இருந்தது என்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அங்கே போட்டிருக்க வேண்டும். வேலுத்தாய், விமல், ஜாஸ்மின், மற்ற மூவர். ஆறு பெயரும் காதில் இருந்தன.

அதைப் போதகர் கவனித்தாரா என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் கவனித்திருந்தார். பின்னாலிருந்து ஒரு கனைப்புச் சத்தம் வந்தது, சிரிப்பை விழுங்கியதுபோல.

இடது பெஞ்சில் பாடகர் குழு நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தது. அவள் ஸ்டூலின் மேல் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்று ஏறியிருந்தது. முதல் பாட்டு முடியும்வரை வாசலைப் பார்த்தாள். ஜெபம் முடியும்வரை பார்த்தாள். வரவில்லை.

போதகர் அவளை மேடைக்கு அழைத்தார். கேமரா அவள் பக்கம் திரும்பியது. "நம்ம சபையில இப்படியும் ஒரு வரம் இருக்கு" என்றார். கை தட்டினார்கள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

பிரசங்கம் தொடங்கியது. அவர் நன்றாகத்தான் பேசினார். பல உறுப்பு, ஒரே உடம்பு. கண்ணுக்குக் கை வேண்டும், தலைக்குக் கால் வேண்டும். பலவீனமாகத் தெரிகிற உறுப்புதான் இல்லாமலே முடியாதது. தங்கபாய் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். எதிரே அவள் கையைப் படிக்கத் தெரிந்த ஒரு ஜோடிக் கண் இல்லை. கேமராவின் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் அவர்கள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"நாமெல்லாரும் ஒரே சபை. இதில் ஒருவரும் விடுபடவில்லை" என்றார் போதகர்.

தங்கபாய் பத்து விரலையும் நிமிர்த்திச் சுழற்றினாள். சபை. பிறகு அடுத்த சொல்லுக்குப் போகவில்லை. ஒரு விரலை மடக்கினாள். இன்னொன்றை மடக்கினாள். ஆறு விரலை மடக்கிவிட்டு, மிச்சமிருந்த நாலையும் சுழற்றினாள். இரண்டு விரலைக் கத்தரிபோல வெட்டினாள். உள்ளங்கையை விரித்துக் கேமராவைப் பார்த்துத் தள்ளினாள். நூல் அறுந்துவிட்டது. மெஷினை நிறுத்து. நூல் அறுந்துவிட்டது. மெஷினை நிறுத்து. போதகர் ஐக்கியத்தைப் பற்றிப் பேசி முடிக்கும் வரை அவள் அதையே சொன்னாள்.

ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன ஒரு அபிஷேகம்!" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். சபை எழுந்து நின்று கை தட்டியது.

ஆராதனை முடிந்து பிரியாணிக்கு எல்லோரும் பந்தலுக்குப் போன பிறகு தங்கபாய் ஒலிபெருக்கிப் பெட்டியை இறக்கித் தரையில் வைத்தாள். கனமாகத்தான் இருந்தது. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது தனசிங் பந்திக்கு இலை எடுத்துக்கொண்டிருந்தார்.

"தங்கபாயி, அது சபை ஸ்டூலுல்லா?"

"இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டது."

மாரீஸ்வரன் ஸ்டூலை வாங்கி ஆட்டோவின் பின்னால் போட்டான். சிறிது தூரம் போன பிறகு கேட்டான்.

"கை தட்டுன சத்தம் ரோடு வரைக்கும் கேட்டுச்சு. உனக்கா?"

"ஆமா."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்கு வந்து அந்த ஸ்டூலைத் தையல் மெஷினுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். தளவாய்புரத்துக்கு மறுநாள் கொடுக்க வேண்டிய துணி நாற்பது இருந்தது. செல்போனைப் பக்கத்தில் பார்வையில் படும்படி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் தைத்தாள். நூல் இரண்டு முறை அறுந்தது, இரண்டு முறையும் கோத்துக்கொண்டாள். செல்போன் திரை கறுப்பாகவே இருந்தது.